ஆறு நொடிக்கு வந்து சேர்ந்த கதை

ஒரு நிமிடத்தில் இரண்டு அம்பு. 1978இல் வெளிவந்த ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர் கையேட்டின் ஆயுதப் பட்டியல் வில்லாளிக்கு அவ்வளவுதான் அனுமதித்தது. குத்துக்கத்தியை வீசுகிறவனுக்கும் இரண்டுதான், டார்ட் எறிகிறவனுக்கு மூன்று. புதிதாக வாள் பிடித்தவன் பாடு இன்னும் மோசம்: அறுபது நொடிக்கு ஒரே ஒரு தடவைதான் அவன் பகடையை உருட்டலாம். வில்லைக் கையால் தொட்டுப் பார்த்த எவருக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் எழுதிய கேரி கைகாக்ஸ் விவரம் தெரியாதவர் இல்லை. பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி இடைக்காலப் போர்களை ஆடி ஆடி ஊறியவர். அந்த ஒரு நிமிடம் அவருக்கு முன்னோர் சொத்தாக வந்து சேர்ந்தது.

இந்த ஆட்டங்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் கதவை உடைக்கிறேன்’, ‘நான் ஒளிந்துகொள்கிறேன்’ என்று வாயால் சொல்லச் சொல்லக் கதை நகரும், சந்தேகமான இடத்தில் பகடை முடிவு செய்யும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் பையன்கள் ஆடுவது இதைத்தான். பேச்சு நடக்கும்வரை கடிகாரம் வேண்டாம். வாளை உருவியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிப்பார்கள். அதனால் சண்டை நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சுற்று என்று பெயர் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு முறை கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு எவ்வளவு நீளம், அதற்குள் ஒருவன் என்னென்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இரண்டு நூற்றாண்டாக விடை மாறிக்கொண்டே வருகிறது.

சுற்று பிறந்தது பிரஷ்யாவில். ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்காகப் போர்விளையாட்டு மேசை ஒன்றைச் செய்தார். மலையும் ஆறும் பிளாஸ்டரில் வார்த்த கட்டைகள். அவருடைய மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அவர் மேசையைக் கைவிட்டு 1:8000 அளவு வரைபடத்துக்கு மாறி, 1824இல் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகளை அச்சிட்டார். அதில் ஒரு முறை என்பது 2 நிமிடப் போர். ஆடுகிற அதிகாரி உத்தரவை எழுதிக் கொடுப்பார். அந்த 2 நிமிடத்தில் காலாட்படை எவ்வளவு தூரம் நடக்கும், குதிரைப்படை எவ்வளவு பாயும், பீரங்கிக்கு எத்தனை பேர் விழுவார்கள் என்பதை நடுவர் அட்டவணையையும் பகடையையும் பார்த்துச் சொல்வார். முதலில் பட்டும் படாமலும் பார்க்க உட்கார்ந்த படைத்தலைமை அதிகாரி மியூஃப்லிங், ஆட்டம் முடிவதற்குள் அதன் பக்கம் சாய்ந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்துவிட்டார்.

2 நிமிடம் என்பது குன்றின்மேல் குதிரையில் உட்கார்ந்திருக்கும் தளபதியின் நேரம். அந்த அளவுகோலில் தனி மனிதன் கண்ணுக்கே தெரிய மாட்டான். அவன் வாளை ஓங்கினானா, தடுத்தானா, தடுக்கி விழுந்தானா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கேட்க ஒரு சந்தர்ப்பம் 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வந்தது. டேவிட் வெஸ்லி அங்கே நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை நடத்த ஏற்பாடு செய்திருந்தார். நடுவர் நினைத்தால் எதையும் அனுமதிக்கலாம் என்ற துணிச்சலை அவருக்குக் கொடுத்தது, டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய ‘ஸ்ட்ராடகோஸ்’ நூல். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் படைகளை மட்டும் வைக்காமல், வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வேடமும் கொடுத்தார். அவ்வளவுதான், முறை கிறை எல்லாம் காற்றில் பறந்தது. ஆளாளுக்கு மூலைக்கு மூலை போய் ரகசியம் பேசினார்கள். இரண்டு பேர் வந்து, தாங்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதப் போவதாக அறிவித்தார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸ்லி அந்த இடத்திலேயே ஏதோ பகடையை உருட்டிச் சமாளித்தார். ஆட்டம் படுதோல்வி என்று அவர் நினைத்தார், வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன்.

அதே சமயத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் சேர்ந்து 1971இல் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம், ஒரு முறை ஏறத்தாழ ஒரு நிமிடம். பிரஷ்யர்களின் நேரத்தில் பாதி. ஆனால் அதே சிறு நூலில் ஒருவனுக்கு ஒருவன் மோதும் விதிகளும், மந்திரவாதியும் டிராகனும் வரும் பின்னிணைப்பும் இருந்தன. தனி ஆளுக்கு வந்தபோதும் அந்த நிமிடத்தை யாரும் சுருக்கவில்லை. சாதாரண வீரனுக்கு அதில் வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு. இந்த விதிகளை வைத்துத் தன் ஆட்டத்தை நடத்தினார் ஆர்னசன். தங்கள் பாத்திரம் ஒரே அடியில் செத்துப்போவதை அவருடைய ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கப்பற்படை ஆட்டத்தில் பழகியிருந்த வழியைக் கொண்டுவந்தார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, அடி வாங்கி வாங்கித்தான் மூழ்கும். மனிதனுக்கும் அப்படி உயிர்ப்புள்ளிகள் கொடுத்தார்.

நம் சுற்றின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே அடியில் ஆள் சாகும்போது சுற்று எவ்வளவு நீளம் என்று கவலைப்படத் தேவையில்லை. ஐந்தாறு சுற்று உயிரோடு நிற்கிறான் என்றால், ‘இந்த ஒரு நிமிடம் முழுக்க நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்?’ என்று அவன் கேட்பான். 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தபோது சுற்றும் உயிர்ப்புள்ளியும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. பத்து நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. மறுவருடம் அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே எழுதிய ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ எதிர்த்திசையில் போய் ஒரு சுற்றை 2 நிமிடமாக்கியது. இரு தரப்பும் பகடைகளை அள்ளி உருட்டிக் கூட்டும், குறைந்தவர்களுக்கு வித்தியாசம் அத்தனையும் காயம். யார் யாரை வெட்டினார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, அதனால் 2 நிமிடம் உறுத்தவும் இல்லை.

கைகாக்ஸ் 1979இல் ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்’ நூலில் தன் ஒரு நிமிடத்துக்கு வக்காலத்து வாங்கினார். வாள்வீச்சுப் போட்டியையோ குத்துச்சண்டையையோ நினைத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் எத்தனை போலி வீச்சு, எத்தனை விலகல், எத்தனை வீணான அடி; பகடை உருட்டுவது அவற்றில் உருப்படியாகக் காயம் விளைவிக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் என்பது அவர் வாதம். சில நொடிச் சுற்றுகளில் நுணுக்கமான விதிகள் எழுதுவது ஒன்றும் கம்பசூத்திரமில்லை, ஆனால் நடத்துகிறவர் திணறிப்போவார் என்றும் சேர்த்துக்கொண்டார். வாதம் நியாயமானதுதான். சிக்கல் என்னவென்றால் அவரே அதைக் காப்பாற்றவில்லை. ஒரு நிமிடத்தைப் பத்து ‘செக்மென்ட்’களாக, தலா 6 நொடியாக வெட்டினார். தீப்பந்து மந்திரத்துக்கு 3 செக்மென்ட், மாய அம்புக்கு ஒன்று. மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தால் மந்திரம் பாழ். ஆயுதத்துக்கு ஆயுதம் வேக எண் வேறு. குடித்த மருந்து வேலை செய்ய இரண்டு முதல் ஐந்து செக்மென்ட். நிமிடம் போதும் என்று வாதிட்டவரே நொடிக் கணக்கும் எழுதினார். பல மேசைகளில் இந்தச் செக்மென்ட்களைச் சத்தமில்லாமல் ஓரங்கட்டிவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. கைகாக்ஸின் நிறுவனமே 1977இல் புதியவர்களுக்கென வெளியிட்ட அடிப்படைப் பெட்டியைத் தொகுத்தவர் எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர். அவர் சுற்றைப் பத்து நொடி என்று போட்டிருந்தார். ஆக, சிறுவர்கள் பத்து நொடிக்கு ஒருமுறை வெட்டினார்கள், வளர்ந்ததும் நிமிடத்துக்கு ஒருமுறை.

நிமிடத்தின் உண்மையான எதிரிகள் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள். 1966இல் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்’ என்ற அமைப்பினர் கவசம் மாட்டிக்கொண்டு பிரம்பு வாள்களால் நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள். அதன் தொடக்ககால உறுப்பினர் ஸ்டீவ் பெரின். தோளில் அடி வாங்கியவருக்கு ‘அந்த நிமிடத்தில் ஏதோ நடந்தது’ என்ற பதில் செல்லாது. அவரும் ரே டர்னி முதலிய நண்பர்களும் எழுதி 1978இல் கயோசியம் வெளியிட்ட ‘ரூன்க்வெஸ்ட்’ விதிகளில் சுற்று 12 நொடி. வெட்டுவதற்குத் தனிப் பகடை, எதிராளி தடுப்பதற்குத் தனிப் பகடை, எங்கே பட்டது என்று பார்க்க இன்னொரு பகடை: இடது கால், வயிறு, தலை. யார் முந்துவார்கள் என்பதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. உடல் அளவு, சுறுசுறுப்பு, ஆயுத நீளம் மூன்றையும் கூட்டி வரும் எண் அதைத் தீர்மானிக்கும். ஈட்டிக்காரன் முதலில் குத்துவான். கிட்டே வர முடியாத கத்திக்காரன் காத்திருப்பான். பிரம்படி வாங்கிய அனுபவம் விதிகளில் அப்படியே தெரிகிறது.

டெக்சாஸில் ஸ்டீவ் ஜாக்சன் அதையே வேறு வழியில் செய்தார். அறுகோணக் கட்டங்களில் ஆடும் ‘மெலே’ என்ற அவருடைய சின்ன ஆட்டம் 1977இல் வெளிவந்தது. அதில் முறைக்கு 5 நொடி. சண்டை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவரும் அதே பிரம்பு வாள் அமைப்பில் போய்ச் சேர்ந்தார், பிடித்துப்போய் அங்கேயே தொடர்ந்து சண்டையும் போட்டார். 1986இல் அவர் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’ விதிகளில் சுற்று ஒரே நொடியாக இளைத்துவிட்டது. உறையிலிருந்து வாளை உருவ ஒரு நொடி. தூணியிலிருந்து அம்பை எடுக்க ஒன்று, நாணில் பொருத்த ஒன்று, அதன் பிறகுதான் விடலாம். குறி பார்க்க விரும்பினால் அதற்கும் தனி நொடிகள். எதிராளி குனியலாம், ஆயுதத்தால் தடுக்கலாம், கேடயத்தை நீட்டலாம், ஒவ்வொன்றும் ஒரு பகடை.

கைகாக்ஸின் எச்சரிக்கை இங்கே பலித்தது. சண்டையில் 10 நொடி ஓட, மேசையில் அரை மணி நேரமும் அதற்கு மேலும் போய்விடும். 2 நிமிடத்திலிருந்து ஒரு நொடிக்கு விதி இறங்க இறங்க, சுவர்க் கடிகாரம் எதிர்ப்பக்கமாக ஓடியது. இருந்தாலும் கர்ப்ஸ் சண்டையில் உள்ள பதற்றம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை என்பேன். வில்லாளி அம்பைப் பொருத்தும் அந்த இரண்டு நொடியில் கோடாரிக்காரன் எத்தனை கட்டம் நெருங்கிவிட்டான் என்று எண்ணிப் பார்க்கும்போது கை வியர்க்கும். நிமிடச் சுற்றில் அந்த வில்லாளிக்குப் பயமே வராது.

1997இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஜானதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் எழுதியது. அதில் சுற்று 6 நொடி. கைகாக்ஸின் செக்மென்ட்டும் 6 நொடிதான்; அன்று நிமிடத்தின் பத்தில் ஒரு பங்காக இருந்தது இப்போது முழுச் சுற்றாகிவிட்டது.

நொடிக் கணக்கை விடப் பெரிய மாற்றம் செயல்களுக்குப் பிரிவு போட்டது. பழைய விதியில் எல்லோரும் முதலில் தங்கள் எண்ணத்தை அறிவித்துவிட்டு, பிறகு பகடையை உருட்டி யார் முந்தினார் என்று பார்ப்பார்கள். இப்போது தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை வரிசை போட்டால் போதும், பிறகு வட்டமாகச் சுற்றி வரும். தன் முறை வந்ததும் ஒருவருக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன், நகர்வதற்கு ஒரு ஆக்‌ஷன். இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் செயலாகவும் வைத்துக்கொள்ளலாம். எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகினால் அவனுக்கு ஓசியில் ஒரு வெட்டு. தேர்ந்த வீரனுக்கு ஒரே முறையில் பல வெட்டுகள் உண்டு, ஆனால் முழுச் சுற்றையும் அதற்கே கொடுக்க வேண்டும். ஐந்தடிக்கு மேல் நகரக் கூடாது. விளைவு, இரண்டு மாவீரர்கள் மூக்கோடு மூக்கு நின்று மாறி மாறி உருட்டிக்கொண்டிருந்தார்கள். பிரபலமான இந்தப் பதிப்பின்மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் அதுதான். போகப் போக ஸ்விஃப்ட், இம்மீடியட் என்று செயல் வகைகளும் பெருகின.

ஒரு குப்பி மருந்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் இதெல்லாம் தெளிவாகும். காயம்பட்ட வீரன் குணமாக்கும் மருந்தைக் குடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு விதியில் அதைப் பையிலிருந்து எடுக்க ஒரு நகர்வுச் செயல், குடிக்க ஒரு ஸ்டாண்டர்ட் செயல். இரண்டின்போதும் பக்கத்திலுள்ள எதிரி ஓசி வெட்டு வெட்டலாம். குடித்த மருந்து கொடுக்கும் புள்ளியைவிட வாங்கும் வெட்டு அதிகமாகிவிடும். 2008இன் நான்காம் பதிப்பில் எடுப்பதும் குடிப்பதும் ‘மைனர்’ செயல்கள், கூடவே வாளும் வீசலாம். 2014இன் ஐந்தாம் பதிப்பில் மறுபடி விலையேறி, முறையின் முழு ஆக்‌ஷனையும் விழுங்கியது. வெட்டுவதா குடிப்பதா என்றால் யார் குடிப்பார்கள்? பல வீடுகளில் நடத்துகிறவர்கள் தாங்களாகவே விதியைத் தளர்த்தி, ‘போனஸ் ஆக்‌ஷன்’ கொடுத்தால் போதும் என்றார்கள். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டிலும் அப்படியே. 2024இல் திருத்தி அச்சிட்ட கையேட்டில் வீட்டு விதி அதிகாரபூர்வ விதியாகிவிட்டது. 2000 முதல் சுற்றின் 6 நொடியை யாரும் திருத்தவில்லை, திருத்தியது மருந்தின் விலையைத்தான்.

இந்தப் போனஸ் ஆக்‌ஷன் ஒரு தொல்லை பிடித்த குழந்தை. அது எல்லோருக்கும் எப்போதும் கிடைப்பதில்லை. ஏதாவது ஒரு திறமையோ மந்திரமோ ‘இதைப் போனஸாகச் செய்யலாம்’ என்று சொன்னால்தான் உண்டு. புதிதாக ஆடுகிறவருக்கோ எதையோ செலவழிக்காமல் விட்டுவிட்டோம் என்ற உறுத்தல். ‘நடந்தாச்சு, வெட்டியாச்சு, போனஸில் என்ன பண்ணலாம்?’ என்று தாளைப் புரட்டும் அந்த அரை நிமிடத்தை எல்லா மேசையிலும் பார்க்கலாம். இதை உருவாக்கிய குழுவை நடத்திய மைக் மெர்ல்ஸே பின்னாளில் இந்த ஏற்பாட்டில் திருப்தியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பைசோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு இந்தக் குழப்பத்தை ஒரே வீச்சில் துடைத்தது. அதன் முதல் பதிப்பு மூன்றாம் பதிப்பு டன்ஜன்ஸின் நேர் வாரிசு, ஆறேழு வகைச் செயல்களையும் சுமந்தது. ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு சில்லறை கிடைக்காமல் பஸ்ஸில் தவிப்பதுபோல, பெரிய செயலைச் சின்னதாக மாற்ற முடியாமல் ஆட்டக்காரர்கள் தவித்தார்கள். இரண்டாம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே நாணயமாக்கிவிட்டது: ஒரு முறைக்கு மூன்று செயல், அடுத்தவர் முறையில் எதிர்வினை ஒன்று. நடப்பது ஒன்று, வெட்டுவது ஒன்று, கேடயத்தை உயர்த்துவது ஒன்று. மூன்றையும் வெட்டுக்கே செலவழிக்கலாம், ஆனால் இரண்டாவது வெட்டுக்குப் பகடையில் 5 குறையும், மூன்றாவதுக்கு 10. ஆகவே மூன்றாவதை மிரட்டவோ விலகவோ கேடயத்துக்கோ வைத்துக்கொள்வார்கள். விலகுகிறவனை ஓசியில் வெட்டும் உரிமையும் எல்லோருக்கும் இல்லை, போர்வீரன் போன்ற சிலருக்கு மட்டும்தான். இதனால் ஆட்கள் மறுபடி நடமாடத் தொடங்கினார்கள். குணமாக்கும் மந்திரத்துக்கு ஒரு செயல் கொடுத்தால் தொட்டுக் குணப்படுத்தலாம், இரண்டு கொடுத்தால் முப்பதடி தள்ளி நிற்பவரை, மூன்று கொடுத்தால் சுற்றியுள்ள எல்லோரையும். மூன்று நாணயத்தில் இவ்வளவு செய்ய முடிவதைப் பார்க்கையில், இத்தனை வருடம் ஏன் இது யாருக்கும் தோன்றவில்லை என்றிருக்கிறது.

6 நொடி என்ற எண் டன்ஜன்ஸ், பாத்ஃபைண்டர் கையேடுகளில் இன்னும் அச்சாகிறது. அதை யாரும் அளப்பதில்லை. ஐந்தாம் பதிப்பில் பல மந்திரங்கள் ஒரு நிமிடம் நீடிக்கும் என்று எழுதியிருக்கும். ஆட்டக்காரர்கள் அதை ‘சண்டை முடியும்வரை’ என்றே படிக்கிறார்கள், ஏனென்றால் பத்துச் சுற்றுக்குச் சண்டை போவது அபூர்வம். கைகாக்ஸ் ஒரே ஒரு வெட்டுக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் இன்று ஒரு முழுச் சண்டை தொடங்கி, டிராகன் செத்து, புதையலையும் பங்கு போட்டுவிடுகிறார்கள்.

சுற்றே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 2012இல் வந்த ‘டன்ஜன் வேர்ல்டு’ ஆட்டத்தில் வரிசையும் கிடையாது, நொடியும் கிடையாது. இரண்டு பகடை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெட்டு விழும், 7 முதல் 9 என்றால் நீங்களும் வெட்டுவீர்கள், அவனும் வெட்டுவான். எதிரிக்கென்று தனி முறை எதற்கு, உங்கள் பகடையிலேயே அவன் அடியும் இருக்கிறது. லூக் கிரேன் 2002இல் எழுதிய ‘பர்னிங் வீல்’ வேறு தினுசு. அடுத்த சில அசைவுகளை இருவரும் ரகசியமாக எழுதி வைத்து, ஒரே சமயத்தில் திறந்து காட்ட வேண்டும். பின்வாங்குகிறவனை வெட்டப் போய்க் காற்றை வெட்டுவது அங்கே சகஜம்.

2025இல் இரண்டு பெரிய ஆட்டங்கள் ஒரே வருடத்தில் வந்து இரண்டு திசையில் போயின. ‘டிரா ஸ்டீல்’ செயல் வகைகளை வைத்துக்கொண்டு, குறி தப்புவதையே எடுத்துவிட்டது. உருட்டினால் காயம் நிச்சயம், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ‘டாகர்ஹார்ட்’ வரிசையைத் தூக்கி எறிந்தது. கதைக்கு யார் பொருத்தமோ அவர் செயல்படலாம், பகடை சரியில்லாமல் போனால் வாய்ப்பு நடத்துகிறவர் கைக்குப் போகும். வாயாடிகள் நிறைந்த மேசையில் இது என்ன ஆகும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே நூலில், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு: ஆளுக்கு மூன்று வில்லைகள், ஒவ்வொரு செயலுக்கும் ஒன்றைப் போட வேண்டும், எல்லோருடைய வில்லையும் தீர்ந்த பிறகுதான் மறுபடி எடுக்கலாம்.